ஆறாவது சம்பளக் கமிஷன் ஆப்ஷன் கொடுக்காததால் அப்பாவுக்கு ஜூனியரைவிடக் குறைந்த சம்பளம். இனி கேஸ் போட முடியுமா?

குடியாத்தம் கயல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி எனக்கு இல்லை, அப்பாவுக்கு. அவர் ஃபோனில் டைப் செய்ய மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

அப்பா 1986-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 2007 செப்டம்பரில் ஹவில்தாரிலிருந்து நாயப் சுபேதார் ஆனார். 2014 அக்டோபரில் அதே ரேங்கில் ஓய்வு. இத்தனை வருஷம் சம்பளக் கணக்கைப் பற்றி வாயே திறந்ததில்லை. வந்ததை வாங்கிக்கொண்டு வீட்டைக் கட்டினார், என்னைப் படிக்க வைத்தார்.

போன தை மாதம் கம்மவான்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார், தெரிந்திருக்கும். அங்கே அப்பாவின் பழைய செக்ஷன்காரர் ஒருவரைப் பார்த்தோம். அப்பாவுக்கு ஆறு மாதம் பின்னால் நாயப் சுபேதார் ஆனவர், அதே டிரேடு. பந்தியில் பேச்சுவாக்கில் தன் கடைசி மாதச் சம்பளத்தைச் சொன்னார். அப்பாவின் சாப்பாடு அதோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து டைரியை எடுத்துப் பார்த்தால், ஜூனியருக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் அதிகம்.

அந்த மாமாவே காரணத்தையும் சொன்னார். 2008-ல் ஆறாவது சம்பளக் கமிஷன் வந்தபோது, எந்தத் தேதியிலிருந்து புதிய ஸ்கேலுக்கு வருகிறோம் என்று ஒரு ஆப்ஷன் படிவம் கொடுக்க வேண்டியிருந்ததாம். அவர் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு அப்படி ஒரு படிவம் இருந்ததே தெரியாது.

ரெக்கார்ட் ஆபீசுக்கு இரண்டு கடிதம் போட்டோம். பதில் மூன்றே வரி. குறித்த காலத்துக்குள் ஆப்ஷன் வரவில்லை, இனி பரிசீலிக்க இயலாது.

இப்போது ஒருவர் வீட்டுக்கே வந்து, "கேஸ் போட்டால் நிச்சயம் ஜெயிக்கலாம், வருகிற பணத்தில் 15 சதவீதம் எனக்கு" என்கிறார். யூடியூபில் வேறொருவர், ஒரு மேஜர் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார், எல்லாருக்கும் தானாகவே வரும் என்கிறார். இதில் எதை நம்புவது? இத்தனை வருஷம் கழித்துக் கேட்டால் நீதிமன்றம் காதில் வாங்குமா?

அப்பா ஒன்று சேர்க்கச் சொல்கிறார்: "பணத்துக்காக இல்லை, எனக்குக் கீழே இருந்தவன் முன்னால தலை குனிஞ்சு நின்னேன் பாரு, அதுக்காக."

---

சைக்ளோஸ்டைல் சுபேதார் எழுதியது:

கயலம்மா, அப்பாவுக்கு என் ராம் ராம் சொல்லுங்கள். நான் சுபேதார் கிளார்க், 1985-ல் சேர்ந்து 2013-ல் வந்தேன், ஊர் மதுரைப் பக்கம். நீளமாக எழுதுவேன். அவசரம் என்றால் கடைசிப் பகுதியை மட்டும் படியுங்கள்.

முதலில் அந்த யூடியூப்காரர் சொல்லும் மேஜர் கதை. அது உண்மை. ஆனால் அவர் சொல்வது போல இல்லை.

நாலாவது சம்பளக் கமிஷன் 1.1.1986 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிகேடியர் வரைக்கும் அதிகாரிகளுக்கெல்லாம் 2,300-ல் ஆரம்பித்து 5,100-ல் முடியும் ஒரே ஒருங்கிணைந்த ஸ்கேல். அதற்கு மேல் ரேங்க் பே என்று தனியாக. கேப்டனுக்கு 200, மேஜருக்கு 600, லெப்டினன்ட் கர்னலுக்கு 800, கர்னலுக்கு 1,000, பிரிகேடியருக்கு 1,200. 1987 மே மாதம் அதற்கான சிறப்பு ராணுவ ஆணை வந்தபோது நான் இரண்டு வருஷ சர்வீஸ் உள்ள பையன். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான், என் பெயருக்கு அதுதான் காரணம். மை கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எங்கள் யூனிட் கேப்டன் ஒருவருக்குப் புரிந்தது. அட்ஜுடன்ட் அறையில் நின்று காகிதத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார்: "எனக்கு 200 கொடுக்கிறீர்களா, என்னிடமிருந்து 200 வாங்குகிறீர்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு பேச்சுக்கு, பழைய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, அதோடு 20 சதவீத உயர்வு எல்லாம் கூட்டி ஒரு கேப்டனுக்கு 3,500 வருகிறது என்று வையுங்கள். அந்த 3,500-ஐ அப்படியே ஸ்கேலில் பொருத்தி, அதற்கு மேல் ரேங்க் பே 200 கொடுத்திருக்க வேண்டும். ஆணை என்ன செய்தது? முதலில் 3,500-லிருந்து 200-ஐக் கழி, 3,300-ல் பொருத்து, பிறகு ரேங்க் பே என்று 200-ஐச் சேர் என்றது. ஆக, மறுபடியும் அதே 3,500. கடைக்காரர் விலையை ஏற்றி எழுதித் தள்ளுபடி கொடுப்பாரே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஸ்கேலில் கீழே பொருத்தியதால் அந்தக் குறை அவரோடு கூடவே வந்துகொண்டிருக்கும், பென்ஷன் வரைக்கும்.

ஆயிரக்கணக்கான அதிகாரிகள் இதில் பாதிக்கப்பட்டார்கள். முணுமுணுக்காதவர் கிடையாது. அப்படி இருந்தும், ஜெயித்த முதல் கேஸ் மேஜர் ஏ.கே. தனபாலன் 1996-ல் கேரள உயர்நீதிமன்றத்தில் போட்டதுதான். 1998-ல் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ரேங்க் பே என்பது சம்பளத்துக்கு மேலே தருவது, அதைச் சம்பளத்திலிருந்தே கழித்துத் தர முடியாது. சாரம் அவ்வளவுதான். அரசு மேல்முறையீடு செய்தது. 2003-ல் டிவிஷன் பெஞ்ச் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2005-ல் அங்கேயும் தள்ளுபடி.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ஜெயித்த பிறகு பணம் தனபாலனுக்கு மட்டும்தான் போனது. அதே ஆணை, அதே கழித்தல், அதே ரேங்க், ஆனால் பக்கத்து அறை மேஜருக்குக் கிடையாது, ஏனென்றால் அவர் கேஸ் போடவில்லை. மற்றவர்கள் தனித்தனியாகவும் சங்கமாகவும் நீதிமன்றம் ஏறினார்கள், எல்லாம் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. 2010 மார்ச் 8-ல் எல்லாருக்கும் கொடு, 6 சதவீத வட்டியோடு கொடு என்று உத்தரவு. அதைத் திரும்பப் பெறுங்கள் என்று அரசு மனுப் போட்டது. 2012 செப்டம்பர் 4-ல்தான் முடிவு வந்தது. தீர்ப்பு நின்றது, வட்டி மட்டும் 2006 ஜனவரி முதல் என்று சுருங்கியது. 1987-ல் அந்த ஸ்டென்சிலை வெட்டியபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. 2012-ல் நான் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால், தானாகவே எதுவும் வராது. ஒருத்தர் ஜெயித்தால் உங்களுக்கு வழி கிடைக்கும். நடக்க வேண்டியது நீங்கள்தான். தனபாலன் கேஸ் அதிகாரிகளுக்கானது, ரேங்க் பே பற்றியது, அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் "அநியாயம்" என்று சொல்லி ஜெயிக்கவில்லை, ஒரு கழித்தல் கணக்கைக் காட்டி ஜெயித்தார். உங்களுக்கும் அப்படி ஒரே ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாளை நான் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு. அப்பாவின் உண்மையான எண்கள் ஐ.ஆர்.எல்.ஏ. லெட்ஜரில், அதாவது ஒவ்வொருவருக்கும் தனியாக வைத்திருக்கும் சம்பளக் கணக்கேட்டில் இருக்கும்.

1.1.2006 அன்று பழைய ஸ்கேலில் 4,700 வாங்கும் ஹவில்தார் என்று வையுங்கள். 1.86-ஆல் பெருக்கி, பத்தின் மடங்காக்கினால் 8,750. ரேங்க்குக்கு ஏற்ப மேலே தரும் கிரேடு பே 2,800 சேர்த்து 11,550. 2006 ஜூலையிலும் 2007 ஜூலையிலும் கிரேடு பேயும் சேர்ந்த மொத்தத்தில் 3 சதவீத இன்கிரிமென்ட், 8,750 என்பது 9,460-ஐத் தொடும், கிரேடு பேயோடு 12,260. செப்டம்பரில் பதவி உயர்வு, இன்னொரு 3 சதவீதம், கிரேடு பே 4,200 ஆகிறது. மொத்தம் 14,030.

இதே ஆள், "நான் 2007 செப்டம்பர் வரை பழைய ஸ்கேலிலேயே இருக்கிறேன், பதவி உயர்வு அன்று புதியதுக்கு வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தால்? பழைய ஸ்கேலில் நாயப் சுபேதாருக்குப் பெரிய தாவல் உண்டு. 5,620 என்று வைப்போம். 1.86-ஆல் பெருக்கினால் 10,460. கிரேடு பே 4,200 சேர்த்தால் 14,660. வித்தியாசம் மாதம் 630. 2014 ஜூலையில் பஞ்சப்படி 107 சதவீதம், அன்றைக்கு அந்த 630 மட்டுமே பஞ்சப்படியோடு 1,304 ஆகிவிடும். பந்தியில் அப்பா கேட்ட "ஆயிரத்துக்கு மேல்" இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் ஒன்று. இரண்டாவது வழியில் போனால் 2006 ஜனவரியிலிருந்து 2007 ஆகஸ்ட் வரையிலான 20 மாதப் புதிய ஸ்கேல் அரியர்ஸ் கிடையாது. அப்பா அதை ஏற்கெனவே வாங்கியிருப்பார், அதைக் கழித்துக்கொண்டுதான் மீதி தருவார்கள். வீட்டுக்கு வந்த புரோக்கர் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2008 அக்டோபர் 11 தேதியிட்ட ஆணை வந்தபோது நான் ஒரு யூனிட்டில் ஹெட் கிளார்க். மூன்று மாதத்துக்குள் ஆப்ஷன் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆபீசில் கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் நானே படிவம் நிரப்பி, கணக்குப் போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பினேன். டிட்டாச்மென்டில், அதாவது யூனிட்டை விட்டுத் தனியாக வேறு இடத்தில், நான்கு பேர் இருந்தார்கள். சிக்னல் அடித்தேன், பதில் வரவில்லை, அப்படியே மறந்துபோனேன். அதில் ஒருவர் பல வருஷம் கழித்து எனக்கு ஃபோன் செய்து, திட்டவில்லை, "சாப், என் படிவம் போச்சா?" என்று மட்டும் கேட்டார். இந்த மாதிரி கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதற்கு அதுதான் காரணம். உங்கள் அப்பா படிவம் கொடுக்காதது அவர் தப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

தீர்ப்பாயங்களும் இதைக் கவனித்திருக்கின்றன. ஆப்ஷன் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு சிப்பாயை நஷ்டத்தில் விடக் கூடாது, எது அவருக்கு அதிக லாபமோ அதில் பொருத்து என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பல வழக்குகளில் உத்தரவு போட்டிருக்கிறது. அதனால் உங்கள் கேஸ் காற்றில் நிற்கவில்லை.

செய்ய வேண்டியது: பத்து ரூபாய் ஆர்.டி.ஐ. போடுங்கள். சம்பளக் கணக்கு அலுவலகத்திடம் 2005 முதல் 2014 வரை ஐ.ஆர்.எல்.ஏ. நகல், ரெக்கார்ட் ஆபீசிடம் பதவி உயர்வைப் பதிவு செய்த பார்ட்-டூ ஆர்டர் என்ற யூனிட் ஆணையின் நகல், ஆப்ஷன் சுற்றறிக்கை அப்பாவின் யூனிட்டுக்கு அனுப்பப்பட்டதற்கான பதிவு. மூன்றையும் தனித்தனி மனுவாகக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

---

எல்லை ராஜா எழுதியது:

சுபேதார் சாப் எழுதியதைப் படிக்கவே அரை நாள் ஆகிறது. நம்மால் இதெல்லாம் முடியுமா? 15 சதவீதம் போனால் போகிறது, மீதி 85 வருகிறதே. என் பெரியப்பாவும் அப்படித்தான் கொடுத்தார். வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், இன்னும் வரவில்லை.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

நான் வழக்கறிஞர், சர்வீஸ் கேஸ்கள் பார்ப்பவன். 15 சதவீதத்தைப் பற்றி முதலில். வருகிற தொகையில் பங்கு என்று பேசுவது வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வக்கீல் செய்யக் கூடாததைப் புரோக்கர் செய்கிறார், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளோ அசல் பி.பி.ஓ.வோ (பென்ஷன் ஆணை) அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். தீர்ப்பாயத்தில் அப்பாவே நேரில் நின்று வாதாடலாம், சட்டத்தில் தடையில்லை.

சுபேதார் ஐயா தொடாத இடம் காலக்கெடு. ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007, பிரிவு 21-ன்படி முதலில் துறைக்குள் இருக்கும் வழிகளை முடித்துவிட்டு வர வேண்டும். உங்களுக்கு மறுப்புக் கடிதம் வந்துவிட்டது, அது போதும். பிரிவு 22-ன்படி இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் மனு. அந்த மூன்று வரிக் கடிதத்தின் தேதி என்ன? அதை உடனே பாருங்கள். தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும், காரணம் உண்மையாக இருக்க வேண்டும்.

2007 விஷயத்தை இப்போது கேட்கலாமா என்றால், தவறான நிர்ணயம் ஒவ்வொரு மாதமும் தொடரும் தவறு என்று வாதிடலாம். இதற்குத் தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அந்தச் சிப்பாய் 1983-ல் உடல்நலக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவர், ஊனப் பென்ஷன் கேட்டு 1999-ல்தான் வந்தார். தொடரும் தவறு என்பதால் தாமதத்தைக் காட்டி விரட்டவில்லை. ஆனால் பாக்கித் தொகை, மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் என்று நிறுத்தினார்கள். உங்கள் அப்பா ஓய்வு பெற்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வரம்பு அப்படியே வந்தால் சர்வீஸ் காலப் பாக்கி போய், பென்ஷன் வித்தியாசம் மட்டும் மிஞ்சும் ஆபத்து இருக்கிறது. முழுப் பாக்கியும் வேண்டுமென்றால், படிவம் அவர் கைக்கே வரவில்லை, தவறு துறையுடையது என்று காட்டும் ஆவணம் வேண்டும். அதில்தான் உங்கள் கேஸ் நிற்கும் அல்லது விழும்.

தீர்ப்பாயத்தில் தோற்றாலும் கதவு மூடாது. உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்பதை 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முன்பு நேராக டெல்லியில் உச்ச நீதிமன்றம்தான் என்ற நிலை இருந்தது. ஒரு நாயப் சுபேதாருக்கு அது கதவே இல்லை என்பதற்குச் சமம்.

---

நீலகிரி மேஜர் எழுதியது:

ரேங்க் பே பாதிக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். சுபேதார் சாப் கதையை 2012-ல் முடித்துவிட்டார். முடியவில்லை. 2012 டிசம்பர் 27-ல் அமலாக்கக் கடிதம் வந்தது. அதில் '1.1.1986 அன்று' என்று போட்டார்கள். நாங்கள் கேட்டது '1.1.1986 முதல்'. அன்று என்றால் அந்த ஒரு நாள் பணியில் இருந்தவர்களுக்கு மட்டும் திருத்தம். முதல் என்றால் பின்னால் கேப்டன், மேஜர் ஆனவர்களுக்கும் உண்டு. ஒரு சொல்லுக்காக நீதிமன்ற அவமதிப்பு மனு வரைக்கும் போனது. தீர்ப்பு வாங்குவதைவிட அதை அமல்படுத்தும் கடிதத்தைப் படிப்பதில்தான் கண் வேண்டும், தங்கச்சி.

சுபேதார் சாப், அட்ஜுடன்ட் அறையில் காகிதத்தைத் தட்டிய கேப்டன் போல என் ரெஜிமென்டிலும் ஒருவர் இருந்தார். எல்லா ரெஜிமென்டிலும் ஒருவர் இருந்தார் என்று நினைக்கிறேன். தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம், நானும்தான். கேஸ் போட்டவர் ஒருவர்.

---

சைக்ளோஸ்டைல் சுபேதார் எழுதியது:

மேஜர் சாப், ஜெய் ஹிந்த். திருத்தத்துக்கு நன்றி. வக்கீல் சாருக்கும். மூன்று வருஷ வரம்பை நான் சொல்லாமல் விட்டது தப்பு, கயலம்மாவுக்கு ஆசை காட்டிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

எல்லை ராஜா கேட்ட "நம்மால் முடியுமா" என்பதற்கு என் கதை. எனக்கு வர வேண்டிய கிராஜுவிட்டியில் 61,400 ரூபாய் குறைந்தது. முன்பு எப்போதோ வீட்டு வாடகைப் படி கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களாம், கணக்கு மூடும்போது பிடித்துக்கொண்டார்கள். நோட்டீஸ் கிடையாது. ராணுவச் சட்டம் பிரிவு 25-ல் தெளிவாக இருக்கிறது, சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு பிடித்தம் இல்லாமல் சம்பளம் தரப்பட வேண்டும் என்று. 28 வருஷம் அந்தப் புத்தகம் என் மேஜைமேல் கிடந்தது. எனக்கு என்று வந்தபோதுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் தீர்ப்பு வந்தது. ஓய்வு பெற்றவரிடமிருந்தோ, ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமிருந்தோ, அவர் தப்பில்லாமல் கூடுதலாகப் போன பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் ஒரு வகை. அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு 2015-ல் சென்னையில் மனுப் போட்டேன், வக்கீல் இல்லாமல். வைகையில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். பத்தொன்பது வாய்தா. முதல் வாய்தாவில் கால் நடுங்கியது, சத்தியம். நீதித்துறை உறுப்பினர் ஒருவர், பக்கத்தில் ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்த உறுப்பினர் ஒருவர். பழக்கதோஷத்தில் அவரைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றேன், சல்யூட் அடிக்கக் கையும் பாதி தூக்கிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உட்காருங்கள், இங்கே நீங்கள் மனுதாரர்" என்றார்.

2017-ல் உத்தரவு, 2018-ல் பணம், இடையில் உத்தரவை நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனு. பாஸ்புக்கில் என்ட்ரி விழுந்த அன்று வீட்டில் காட்டினேன். என் வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "போன பஸ் காசு, ரயில் காசு, ஓட்டல் இட்லி எல்லாம் கழிச்சா எவ்வளவு நிக்குது?" என்றாள். கழித்துப் பார்த்தோம். நாற்பதாயிரத்துச் சொச்சம் நின்றது.

கயலம்மா, இன்னொன்று. ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) திருத்தங்களில் ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ்காரர்களுக்குப் பென்ஷன் வித்தியாசம் ஓரளவு சமமாகியிருக்கலாம். அப்பாவின் இப்போதைய பென்ஷனையும் அந்த மாமாவின் பென்ஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வித்தியாசம் இல்லையென்றால் உங்கள் சண்டை முழுக்க 2007 முதல் 2014 வரையிலான சம்பளத்துக்கும் கிராஜுவிட்டிக்கும்தான். அப்போது வக்கீல் சார் சொன்ன அந்த ஆவணம் இல்லாமல் எழும்பூர் ரயில் ஏற வேண்டாம். 2008 அக்டோபரிலிருந்து 2009 ஜனவரி வரை அப்பா எங்கே இருந்தார்? அதைக் கேட்டுச் சொல்லுங்கள்.

---

குடியாத்தம் கயல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சுபேதார் ஐயா, உங்கள் முதல் பதிலை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். டிட்டாச்மென்ட் நான்கு பேர் விஷயம் வந்தபோது, "கிளார்க் சாப் இப்படி ஒப்புக்கிட்டு நான் பார்த்ததே இல்ல" என்றார்.

மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன், நான்கு மாதம் பத்து நாள் ஆகிறது. ஆறு மாதத்துக்குள்தான் இருக்கிறோம். 15 சதவீதக்காரரிடம் அசல் எதுவும் கொடுக்கவில்லை, ஜெராக்ஸ் மட்டும்தான் போயிருக்கிறது. நேற்று ஃபோன் செய்தார், அப்பா எடுக்கவில்லை.

பென்ஷனையும் ஒப்பிட்டோம். மாமாவுக்கும் அப்பாவுக்கும் இப்போது ஐம்பது ரூபாய்கூட வித்தியாசமில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி, எல்லாம் சர்வீஸ் காலச் சம்பளம்.

அப்புறம் நீங்கள் கேட்ட கேள்வி. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்து போய் டிரங்குப் பெட்டியை இழுத்தார். பாச்சை உருண்டை வாசனை வீடெல்லாம். டிஸ்சார்ஜ் புக்கில் வெளிநாட்டுப் பணி என்ற இடத்தில், 2008 ஆகஸ்ட் முதல் 2009 ஆகஸ்ட் வரை ஐ.நா. அமைதிப்படை, காங்கோ என்று சிவப்பு மையில் இருக்கிறது. கோமா என்ற ஊரில் இருந்தாராம். அந்த எரிமலைக் கதையைச் சின்ன வயதில் நிறையக் கேட்டிருக்கிறேன், தேதியை இப்போதுதான் பார்க்கிறேன். ஆணை வந்த அன்றும், மூன்று மாதம் முடிந்த அன்றும் அப்பா இந்தியாவிலேயே இல்லை. அந்த நீல ரிப்பன் பதக்கமும் பெட்டியில் இருக்கிறது.

இது போதுமா ஐயா?

---

சைக்ளோஸ்டைல் சுபேதார் எழுதியது:

கயலம்மா, நல்ல இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நாளைக் காலை கடை திறந்ததும் அந்தப் பக்கத்தை மூன்று ஜெராக்ஸ் எடுங்கள், வண்ணத்தில். அசலை அப்பா தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். மூன்றாவது ஆர்.டி.ஐ. மனுவை மட்டும் மாற்றி எழுதுங்கள்: ஆப்ஷன் சுற்றறிக்கை காங்கோவில் இருந்த அந்தப் படைப்பிரிவுக்கு எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் அனுப்பப்பட்டது என்று. "பதிவு இல்லை" என்று பதில் வந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மனுவில் முதல் இணைப்பு அதுதான்.

இன்னும் ஒரு மாதம் இருபது நாள்தான் இருக்கிறது. ஆர்.டி.ஐ. பதிலுக்கே முப்பது நாள் போய்விடும். மனுவை இப்போதே எழுத ஆரம்பியுங்கள். வரைவை இங்கே போட்டால் வக்கீல் சார் பார்ப்பார், கணக்குத் தாளை நான் பார்க்கிறேன்.